கோப்பையில் கேடு செய்வது இலையா, சீனியா?

நாட்டிலே இப்பொழுது ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது. தேயிலை உடம்புக்கு ஆகாது, அதை விட்டுவிட்டு மூலிகைத் தேநீர் குடியுங்கள் என்பதே அந்தப் பேச்சு. ஜோர்ஜ் டவுன் பேரங்காடிகளில் தென்னாப்பிரிக்க ரூய்போஸ், சீமைச் சாமந்தி, செம்பருத்தி, புதினா என்று விதவிதமான பொட்டலங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. கைத்தொலைபேசியைத் திறந்தாலோ, இந்த இலையைக் குடித்தால் இனிப்புநீர் ஓடிவிடும், அந்தப் பூவைக் குடித்தால் இரத்தக் கொதிப்பு அடங்கிவிடும் என்று நாள்தோறும் செய்தி வந்து விழுகிறது.

இந்தப் பேச்சிலே தொழிலாளிக்கு நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க வேண்டியது நம் கடமை. நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் கோப்பையில் கேடு செய்வது தேயிலை அன்று. அதன் மேல் கொட்டப்படும் சீனியும் டின் பாலுமே. இலையை மாற்றிவிட்டுச் சீனியை மாற்றாதவன், வீட்டுக்குள் புகுந்த திருடனை விட்டுவிட்டுக் கதவை மாற்றியவன் ஆவான்.

தேநீர் நம் பாட்டன் சொத்தா?

தேநீரை விடச் சொன்னால், அது நம் பழக்கவழக்கம் ஆயிற்றே என்று சிலர் வருந்துகிறார்கள். உண்மையில் தேநீர் நமக்கு மிகவும் புதிய பண்டம். தமிழ்நாட்டுக் கிராமத்திலே உழவனும் கூலியாளும் விடியற்காலையில் குடித்தது நீராகாரம். வெயிலுக்கு மோர், கோயில் திருநாளுக்குப் பானகம், சளி பிடித்தால் சுக்குக் கஷாயம். இவைதாம் நம் முன்னோர் கண்ட பானங்கள்.

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் 1867-இல் லூல்கந்துரையில் வணிகத்துக்கென்று தேயிலை பயிரிட்டார். காப்பிச் செடியை நோய் தின்ற பிறகு அந்த மலைகள் தேயிலை மலைகளாயின. கொழுந்து பறிக்கப் போனவர்கள் நம் மக்கள். இந்தியாவிலே தேயிலை முதலாளிகள் 1903-இல் ஒரு வரிச் சட்டமே போடச் செய்து, அந்த வரிப் பணத்தில் தேயிலைக்குப் பிரசாரம் செய்தார்கள். நம் நாட்டிலே கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். அங்கும் காடு வெட்டியவர்களில் தமிழர்கள் இருந்தார்கள்.

ஆகவே தேயிலையைப் பறித்தவன் தமிழன். அதைக் குடிக்கக் கற்றுக் கொடுத்தவன் வியாபாரி. நல்ல தேயிலை கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. மிஞ்சிய தூள் நம் பாத்திரத்துக்கு வந்தது. தூளின் கசப்பை மறைக்கச் சீனி வந்தது. சீனியோடு டின் பாலும் வந்தது. இதிலே பாட்டன் பழக்கம் எங்கே இருக்கிறது?

சீனியும் நாமும்

சீனியைப் பற்றிப் பேசும்போது பினாங்குத் தமிழன் வேறு ஒரு வரலாற்றையும் நினைக்க வேண்டும். இன்று செபராங் பிறை என்று நாம் சொல்லும் புரோவின்ஸ் வெல்லெஸ்லியில் கித்தா மரம் வருவதற்கு முன்னால் இருந்தவை கரும்புத் தோட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கிய நம் முன்னோர் பலர், முதலில் போய்ச் சேர்ந்தது அந்தக் கரும்புக் காட்டுக்குத்தான். ஒப்பந்தக் கூலிகளாக வந்து, முன்பணக் கடனில் சிக்கி, கரும்பு வெட்டி, ஆலை அடுப்பிலே வெந்து மாண்டவர்கள் அவர்கள். அந்த ஒப்பந்த முறை 1910-இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்குள் கரும்பும் போய்க் கித்தா வந்துவிட்டது. இன்று அந்தக் கித்தாவும் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது.

கரும்பு போயிற்று. ஆனால் சீனி நம்மை விட்டுப் போகவில்லை. அன்று வெளியிலிருந்து நம் உடம்பைத் தின்றது. இன்று உள்ளேயிருந்து தின்கிறது.

கணக்கைப் பாருங்கள்

இது வெறும் மேடைப் பேச்சு அன்று. சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டிலே 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்புநீர் உண்டு என்று கண்டது. இந்தியர்களிலே அந்தக் கணக்கு நூற்றுக்கு 31.4 பேர். அதாவது நம்மில் ஏறத்தாழ மூவருக்கு ஒருவர். நாடு முழுவதிலும் நோய் இருந்தவர்களில் சுமார் பாதிப் பேர், தமக்கு அந்த நோய் இருப்பதையே அறியாமல் இருந்தார்கள். 2023-ஆம் ஆண்டு ஆய்விலே நாட்டின் மொத்தக் கணக்கு 15.6-ஆகக் குறைந்திருக்கிறது. மகிழ்ச்சியே. ஆனாலும் ஆறு பேரில் ஒருவருக்கு நோய் என்பது அற்பக் கணக்கு அன்று. சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புக்குப் புதிதாகப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இனிப்புநீரே காரணம். வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவன் எப்படி மரம் வெட்டுவான்? எப்படிக் கணக்கு எழுதுவான்?

இனிப்புநீருக்குச் சீனி ஒன்றுதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. பரம்பரை, சோற்றின் அளவு, உடம்பின் பருமன், உடலுழைப்புக் குறைவு எல்லாம் சேர்ந்துதான் அந்த நோய். ஆனால் பரம்பரையை நம்மால் மாற்ற முடியாது. கோப்பையை மாற்ற முடியும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு இது: பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குச் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள், அதாவது தேக்கரண்டிக்கு ஆறு கரண்டிக்குள், இருந்தால் இன்னும் நல்லது. இனி ஒட்டுக்கடைக் கணக்கைப் பாருங்கள். டின் பாலிலே ஏறத்தாழப் பாதி சீனி. ஒரு கிளாஸ் தே தாரேக்கில் இரண்டு பெரிய கரண்டி டின் பால் விழுந்தால் சுமார் 20 கிராம் சீனி உள்ளே போகிறது. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று மூன்று கிளாஸ் குடித்தால் 60 கிராம். சாப்பாட்டுக்கு முன்பே நாளின் எல்லை தாண்டிவிட்டது. மேலும், பால் என்று நினைத்து நாம் ஊற்றும் பல டின்களில் இருப்பது பால்கூட அன்று. பாமாயிலும் சீனியும் கலந்த கிரீமர். பழக்குலை வெட்டுகிறவன் அந்த எண்ணெயையே பால் என்று காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறான்!

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் சீனிக்கான உதவித் தொகையை நிறுத்தியது. 2019 ஜூலையில் புட்டியிலும் பெட்டியிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 2024-இல் அது 50 சென் ஆயிற்று. 2025-இல் 90 சென் ஆயிற்று. ஆனால் ஒட்டுக்கடையில் கலக்கும் கிளாசுக்கு அந்த வரி பொருந்தாது. அங்கே காவல் நாமேதான். நம் பினாங்கிலேயே 1969-இல் தோன்றிய பயனீட்டாளர் சங்கம், 2019-இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரீஸ் அவர்களின் தலைமையில், சீனியைக் குறையுங்கள் என்று பல்லாண்டுகளாகத் தொண்டை வற்றக் கத்தியது. கேட்டவர் எத்தனை பேர்?

ரூய்போஸ் சொல்லும் பாடம்

இனி அந்தத் தென்னாப்பிரிக்க இலைக்கு வருவோம். ரூய்போஸ் என்றால் சிவப்புப் புதர் என்று பொருள். அது தேயிலைச் செடி அன்று. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குத்துச்செடி. நம் ஆவாரையும் அந்தக் குடும்பந்தான். தென்னாப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் செடர்பெர்க் மலைகளையும் அதன் சுற்றுப்புறத்தையும் தவிர வேறெங்கும் அது வணிகத்துக்கு விளைவதில்லை. குச்சிபோன்ற இலையை வெட்டி, நசுக்கி, தண்ணீர் தெளித்துக் குவித்து வைத்தால், பச்சை மாறிச் செந்நிறமாகிறது. பிறகு வெயிலில் பரப்பிக் காய வைக்கிறார்கள்.

அதிலே காபீன் இல்லை. துவர்ப்புச் சத்தும் தேயிலையைவிடக் குறைவு. இரவிலே தூக்கம் வராதவர்களுக்கு இது நல்லதே. சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் அந்தத் துவர்ப்பு, உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டு ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்துக்கு மூவருக்கு இரத்தச் சோகை என்று கண்டிருக்கிறது. ஆகையால் நம் சகோதரிகள் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரைத் தள்ளி வைப்பது நலம். இவ்வளவுதான் ரூய்போஸின் பெருமை. அது எந்த நோயையும் ஓட்டும் சஞ்சீவி அன்று.

ஆயினும் அதன் வரலாறு தொழிற்சங்கத்தார் படிக்க வேண்டிய வரலாறு. அந்தச் செடியின் பயனைக் கண்டவர்கள் சான், கொய் என்ற பழங்குடி மக்கள். மலையிலே வெட்டி, நசுக்கி, காயவைத்துக் குடிக்கும் முறை அவர்களுடையது. 1904-இல் பெஞ்சமின் கின்ஸ்பெர்க் என்ற வியாபாரி அதை வாங்கி விற்கத் தொடங்கினார். 1930-களில் நோர்ட்டியர் என்ற மருத்துவர் அதைத் தோட்டப் பயிராக்க வழி கண்டார். இரண்டாம் உலகப் போரில் ஆசியத் தேயிலை கிடைக்காமற் போனபோது அதற்குக் கிராக்கி ஏறிற்று. இலை உலகெங்கும் போயிற்று. பணம் பெருந்தோட்டக்காரர்களிடமும் ஆலைக்காரர்களிடமும் போயிற்று. அறிவைக் கொடுத்த மக்களோ கூலிகளாகவும் துண்டு நிலக்காரர்களாகவும் நின்றார்கள்.

அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. சங்கமாகக் கூடினார்கள். 2010-இல் தங்கள் உரிமையை அரசாங்கத்திடம் எழுத்து மூலம் கேட்டார்கள். ஆராய்ச்சி வேண்டும், சான்று வேண்டும் என்று ஆண்டுகள் கடந்தன. விட்டார்களா? இல்லை. ஒன்பது ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2019 நவம்பரில் ஒப்பந்தம் ஏற்பட்டது. தோட்டத்து வாயிலில் இலைக்குக் கிடைக்கும் விலையில் நூற்றுக்கு ஒன்றரை, சான், கொய் மக்களின் பொது நிதிக்குச் செலுத்தப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். ஒன்றரை என்பது சிறிய எண்தான். ஆனால் ‘இது எங்கள் அறிவு, இதிலே எங்களுக்குப் பங்கு உண்டு’ என்று ஓர் ஏழை மக்கள் கூட்டம் கேட்டு வாங்கியிருக்கிறது. அந்தப் பகுதியிலேயே சிறு விவசாயிகள் ஹெய்வெல்ட் என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தங்கள் இலையைத் தாங்களே வெளிநாட்டுக்கு விற்கிறார்கள்.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. புண்ணுக்கு மஞ்சள் வைப்பது நம் பாட்டிமார் கண்ட வைத்தியம். அதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் சான்று காட்டி வாதாடியதால் 1997-இல் அது ரத்தாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்; பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டத்துக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள். கூடினால் பங்கு கிடைக்கும். தனியாக நின்றால் பொட்டலம்தான் கிடைக்கும்.

நம் கொல்லையில் உள்ளவை

ரூய்போஸ் வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கிக் குடிக்கட்டும்; தவறில்லை. ஆனால் காபீன் இல்லாத பானம் வேண்டுமென்றால் அதற்காகத் தென்னாப்பிரிக்கா வரை போக வேண்டுமா? லயத்துக் கொல்லையிலே செராய் புதராக நிற்கிறது. இஞ்சி இருக்கிறது. துளசி மாடத்திலே இருக்கிறது. பாண்டான் இலை வேலியோரத்தில் இருக்கிறது. கொத்தமல்லி விதை சமையலறை டப்பாவில் இருக்கிறது. சுக்கையும் மல்லியையும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் ஒரு குடும்பத்துக்கே போதும். செலவு சில காசுகள்தாம். இலங்கைத் தோட்டங்களில் நம் உறவினர் இன்றும் காய்ச்சல் வந்தால் முதலில் போடுவது கொத்தமல்லித் தண்ணீர். மலாய் அண்டை வீட்டார் சங்குப் பூவும் பூனைமீசைச் செடியும் வைத்திருக்கிறார்கள். ஜோர்ஜ் டவுன் தெருக்களில் சீனர்கள் கசப்பு மூலிகைத் தண்ணீரைச் சூடு தணிக்க விற்கிறார்கள். பினாங்கு மண்ணின் ஜாதிக்காயையும் சாறாக்கி விற்கிறார்கள். அதிலே மட்டும் சீனி எவ்வளவு என்று கேட்டுக் குடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சுக்குத் தண்ணீரிலே நாலு கரண்டி சீனியோ கருப்பட்டியோ கரைத்துவிட்டு, மூலிகைதானே என்று மனத்தைத் தேற்றிக் கொள்ளாதீர்கள். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் இரத்தத்திலே போய்ச் செய்யும் வேலை சீனி செய்யும் வேலைதான். நிறம் கறுப்பானால் குணம் மாறிவிடாது.

மூலிகை வேறு, மருந்து வேறு

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. பழமொழி அழகானது, ஆனால் அது மருத்துவச் சீட்டு ஆகாது. ஆவாரம்பூத் தண்ணீரை நம்பி மருந்து மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்திவிட்டு, காலில் புண் புரையோடிய பின் ஆஸ்பத்திரிக்கு ஓடும் நிலை நம்மவர்க்கு வரலாகாது. மூலிகைத் தண்ணீர் தாகத்துக்கு, மருந்து நோய்க்கு. இரண்டையும் குழப்புகிறவன் உயிரோடு விளையாடுகிறான். சிறுநீரைப் பெருக்கும் பூனைமீசை போன்றவற்றை, இரத்தக் கொதிப்புக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இன்னொன்று. மூட்டுவலி மூன்று நாளில் போகும், ஆண்மை பெருகும் என்று கூவி விற்கும் தூள்களிலும் கோப்பிப் பொட்டலங்களிலும் ஸ்டீராய்டு முதலான மருந்துகளை இரகசியமாகக் கலந்து விற்ற கயவர்களைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். மருந்து என்று சொல்லி விற்கும் பொட்டலத்தில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பார்த்துச் சொல்வது, தோட்டத்துக் கிராணிமார்களும் படித்த பிள்ளைகளும் செய்ய வேண்டிய தொண்டு.

ஏழையின் ஒரே இன்பமா?

நாள் முழுவதும் உழைக்கிறவனுக்கு இனிப்பான ஒரு கிளாஸ் தே தானே இன்பம், அதையும் பறிப்பதா என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கருக்கலில் வெறும் வயிற்றோடு மரத்துக்கு ஓடுகிறவனுக்குச் சீனிதான் உடனே கிடைக்கும் மலிவான தெம்பு. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலைமைதான் நம் கோபத்துக்கு உரியது. உட்கார்ந்து சாப்பிட நேரமும், நல்ல ஆகாரம் வாங்கச் சம்பளமும் இருந்தால் சீனியிலே தெம்பு தேட வேண்டியதில்லை. தொடர்ந்தாற்போல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. தோட்டத்தில் குடியிருப்புக் கொடுக்கும் முதலாளி போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 446-ஆம் சட்டம் சொல்கிறது. சட்டம் ஏட்டில் கிடந்தால் தாகம் தீராது. கேட்டு வாங்க வேண்டும்.

இன்பத்தின் பேரால் நம்மை அழித்தது இது முதல் தடவையும் அன்று. ஒரு காலத்தில் தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. உழைத்தவன் களைப்பாற அது வேண்டாமா என்று அன்றும் கேட்டார்கள். 1947-இல் கெடாவில் பீடோங் வட்டாரத்துத் தொண்டர் படையினர் அந்தக் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள். போலீஸ் தடியடியையும் தாங்கினார்கள். சம்பளத்தையும் அறிவையும் கள்ளுக்குக் கொடுத்தவன் உரிமை கேட்க எழுந்து நிற்க மாட்டான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கண்பார்வை மங்கி, கால் மரத்து, சிறுநீரகம் பழுதானவனும் எழுந்து நிற்க மாட்டான். நோயாளிகளின் சங்கம் எப்படிப் போராடும்?

செய்ய வேண்டியது

ஆகவே நாம் சொல்வது இதுதான். தேயிலையை விட வேண்டியதில்லை. டின் பாலை விடுங்கள். கடையிலே ‘தே ஓ கோசோங்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே நாளில் முடியாதவர்கள் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். மாலையில் ஒரு வேளையாவது சுக்கு மல்லியோ செராய் இஞ்சியோ சீனியில்லாமல் குடியுங்கள். பிள்ளைகளுக்குப் புட்டிப் பாலில் சீனி கரைக்காதீர்கள்.

சங்கக் கிளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. கிளைக் கூட்டத்திலும் மாதர் பகுதிக் கூட்டத்திலும் டின் பால் தேநீருக்குப் பதில் சீனியில்லாத பானம் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது சுகாதாரப் பகுதியாரை அழைத்து, உறுப்பினர் எல்லாருக்கும் இரத்தத்தில் சீனி அளவைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். வேலைக்காட்டில் சுத்தமான குடிதண்ணீர் வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை நிர்வாகத்தின் முன் வையுங்கள். ஓய்வு நேரம் உண்மையிலேயே கிடைக்கிறதா என்று கணக்கெடுங்கள்.

செடர்பெர்க் மலையின் ஏழை மக்கள் ஒன்றுகூடித் தங்கள் இலைக்குப் பங்கு கேட்டார்கள், பெற்றார்கள். நாம் கேட்க வேண்டிய பங்கு நம் சொந்த ஆயுளில். தோழர்களே, உங்கள் கோப்பையை உற்றுப் பாருங்கள். அதில் சீனி போடும் கை உங்கள் கை. அதை நிறுத்த யாருடைய உத்தரவும் தேவையில்லை!